துரையின் மணிக்கட்டு

முதல் அறிகுறி மிகச் சிறியது. காலையில் கொட்டிலை விட்டு வெளியே வரும்போது துரை முதல் இருபது அடியை மட்டும் குறுக்கிக் குறுக்கி வைத்தான். அதற்குப் பிறகு வழக்கமான நடைக்குத் திரும்பிவிடுவான். வாழைத்தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கும்போது அவனில் எந்தக் குறையும் தெரியாது.

"கால் மரத்திருக்கும்," என்றார் அண்ணை. "இந்த வயசிலை எங்களுக்கும் உப்பிடித்தானே."

நானும் ஓம் என்று சொல்லிவிட்டு நல்லூருக்கு வகுப்பெடுக்கப் போய்விட்டேன். அது ஆவணி மாதம். கலியாணங்கள் வரிசைகட்டி நின்றன. இருபது அடியைப் பற்றி யோசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

துரை எங்கள் குதிரை. அண்ணை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டக் கந்தோரில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அண்ணி காலமான பிறகு ஓய்வு பெற்று, உரும்பிராயில் நான் தனியாக இருந்த எங்கள் தாய்வீட்டுக்கே வந்துவிட்டார். வரும்போது இரண்டு சூட்கேசும் ஒரு வெள்ளைக் குதிரையும் கொண்டுவந்தார். அங்கே பந்தயத்தில் ஓடி, இனி ஓடமாட்டாது என்று கைவிடப்பட்ட குதிரை. லொறியில் இருந்து இறங்கியவன் எங்கள் வீட்டையும் வேலியையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தான். தோட்டத்துரை கணக்கெடுக்க வந்ததுபோல இருந்தது. அன்றே பெயர் வைத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் குதிரை வைத்திருப்பவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அப்படியானால் இதை யாருக்காக எழுதுகிறேன் என்று கேட்கலாம். மூட்டுத் தேய்ந்த ஒருவர் இல்லாத வீடு இங்கே ஏது? கட்டிலை விட்டு எழும்பி முதல் சில அடிகளை ஒருவரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். அவர்கள் என்னைப்போலப் பெருமை பிடித்தவர்களாக இருந்தால் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

என் பெருமையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மெதடிஸ்ற் குடும்பம். ஊரில் எங்களை வேதக்காரர் என்பார்கள். எங்கள் ஒழுங்கையில் மற்ற எல்லோரும் சைவர்கள். பங்குனித் திருவிழாவில் அம்மன் வீதியுலா வரும்போது ஒவ்வொரு வாசலிலும் நிறைகுடம் வைத்து, விளக்கேற்றி, தேங்காய் உடைப்பார்கள். எங்கள் வாசலிலும் ஊர்வலம் ஒரு நிமிடம் நிற்கும். அது எங்கள் அப்பா காலத்தில் இருந்தே நடக்கும் மரியாதை. நாங்கள் கேற்றைத் திறந்துவைத்துக்கொண்டு கையைக் கட்டியபடி நிற்போம். தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கமில்லை. ஆனால் வாசல் தேடி வந்து நிற்கிறவர்கள் முன்னால் சும்மா நிற்பதும் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அதனால் துரைக்கு மண்டியிடப் பழக்கினேன்.

வலது முன்காலை மடித்து, முழங்காலை நிலத்தில் ஊன்றி, இடது காலை முன்னே நீட்டி, தலையைத் தாழ்த்த வேண்டும். மூன்று மாதம் எடுத்தது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு துண்டுப் பனங்கட்டி கொடுத்தேன். தவில் வேகமெடுத்துக் கெட்டிமேளமாகும் இடம்தான் அவனுக்கு அடையாளம். முதல் வருடம் அம்மனுக்கு முன்னால் அவன் மண்டியிட்டபோது ஒழுங்கை முழுவதும் "அரோகரா" என்று எழுந்த சத்தத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்து வீட்டுக் கனகம்மாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேதக்காரற்றை குதிரைக்கு இருக்கிற பக்தி எங்கடை பெடியளுக்கு இல்லை," என்றார்.

அதற்குப் பிறகு கலியாண வீட்டுக்காரர்கள் விடவில்லை. மாப்பிள்ளை வந்து இறங்கும்போது துரை மண்டியிட வேண்டும். எங்கே போனாலும், "அதுதான் கும்பிடுற குதிரை" என்று விரல் நீட்டுவார்கள். "பழக்கினது எங்கடை தங்கச்சி," என்று அண்ணை சொல்லுவார். நான் கேட்காததுபோல நிற்பேன். நன்றாகக் கேட்கும்.

ஐப்பசியில் இருபது அடி ஐம்பது அடியானது. திரும்பும்போது தலை ஒருமுறை மேலே தூக்கி இறங்கியது. வலது முன் முழங்கால் தொட்டால் சூடாக இருந்தது. ஊர் மிருக வைத்தியர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். "டீச்சர், நான் மாடும் ஆடும் பார்க்கிறவன். குதிரை பார்க்கிற ஒருவரைக் கூப்பிடுவம்," என்று மறைக்காமல் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வைத்தியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வாரம் அவர் அழைத்து வந்தவர் மலைநாட்டைச் சேர்ந்த இளம் பெண் வைத்தியர். பந்தயக் குதிரைகளைப் பார்த்துப் பழகியவர். ஒரு பெட்டிக்குள் அடங்கும் எக்ஸ்ரே இயந்திரமும் கொண்டுவந்திருந்தார். துரையை நடக்கவிட்டுப் பார்த்தார். பிறகு அந்தக் காலை மடித்து ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு ஓடவிட்டார் (மடிப்புச் சோதனை: மூட்டில் கோளாறு இருந்தால் அதற்குப் பிறகு நொண்டல் கூடும்). துரை மூன்று காலில் ஓடுவதுபோல ஓடினான். அண்ணை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவரு என்ன வேலை பார்க்கிறாரு?" என்று டொக்டர் கேட்டார்.

"கலியாண ஊர்வலம், கோயில் திருவிழா. நடை மட்டுந்தான் டொக்டர். ஓட்டமே இல்லை," என்றேன்.

அவர் குனிந்து முழங்காலின் முன்பக்கத்தைத் தடவினார். அங்கே மயிர் இல்லை. தோல் தடித்துக் கறுத்திருந்தது. "இது என்ன டீச்சர்?"

இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. நான் சிரித்துக்கொண்டு சொன்னேன்: "அது துரை மண்டியிடுற இடம். செய்து காட்டட்டே?"

அவர் பதில் சொல்வதற்குள் கைத்தொலைபேசியில் தவிலைப் போட்டுவிட்டேன். விருந்தாளி வந்தால் பிள்ளையைப் பாடிக் காட்டச் சொல்கிற தாய்மாரை நான் எத்தனையோ தரம் நக்கலடித்திருக்கிறேன். அன்று நானும் அவர்களில் ஒருத்தி.

கெட்டிமேளம் வந்தது. துரை என்னைப் பார்த்தான். பிறகு முற்றத்துச் சீமெந்தில் வலது முழங்காலை மெதுவாக வைத்தான். தலையைத் தாழ்த்தினான். எழும்ப முடியவில்லை. ஒருமுறை எத்தனித்து விழுந்தான். இரண்டாம் முறையும் விழுந்தான். மூக்குத் துவாரங்கள் விரிந்து மூச்சு வந்தது. மூன்றாம் முறை அண்ணை தோள் கொடுத்துத்தான் எழுந்தான். எழுந்தவுடன் பனங்கட்டிக்காக என் கையை மோந்தான்.

டொக்டர் அவன் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"எத்தனை வருஷமா செய்றாரு?"

"நாலு வருஷம்."

"ஒரு கல்யாணத்துக்கு எத்தனை தடவை?"

ஒருமுறை என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணை முந்திக்கொண்டார். "வீடியோக்காரர் விடமாட்டினம் டொக்டர். 'கமராவுக்கு இன்னொருக்கா, ட்ரோனுக்கு இன்னொருக்கா' எண்டு நாலு, அஞ்சு தரம் வரும். எல்லாம் மண்டப வாசல்லை, கல்லு நிலத்திலை."

"டீச்சர், வேலை என்னன்னு கேட்டப்ப இதை ஏன் சொல்லல?"

"அது வேலை இல்லையே டொக்டர்," என்றேன். "மரியாதை."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "குதிரையோட முன்னங்கால்ல நாம முழங்கால்னு சொல்றோமே, அது முழங்கால் இல்ல. இதுதான். மணிக்கட்டு. சின்னச் சின்ன எலும்பு ரெண்டு வரிசை. இதை முழுசா மடக்கி அது மேல உடம்புப் பாரத்தைப் போட்டுப் பாருங்க."

அவர் போன பிறகு நான் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் செய்து பார்த்தேன். மணிக்கட்டை மடித்து நிலத்தில் ஊன்றி, என் பாரத்தைக் கொடுத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

போவதற்கு முன் டொக்டர் காட்டிய எக்ஸ்ரே படத்தில் எலும்புகளுக்கு இடையே இருக்கவேண்டிய இருண்ட கோடு ஓரிடத்தில் நூலாக மெலிந்திருந்தது. ஓரங்களில் சிறிய எலும்பு முளைகள் தெரிந்தன. நோயின் பெயர் என்புமூட்டழற்சி (மூட்டுக்குள் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டு வீங்கி இறுகும் நோய்). குருத்தெலும்பு (எலும்பின் முனைகள் உரசாதபடி மூடியிருக்கும் வழவழப்பான படலம்) என்பதைப் பாடப்புத்தகத்தில் கசியிழையம் என்று போட்டிருப்பார்கள். இருபத்தைந்து வருடமாக அதைக் கரும்பலகையில் வரைந்து, பெயரிட்டு, "இதற்கு நரம்பும் இல்லை, குருதிக்கலனும் இல்லை, பரீட்சைக்கு வரும்" என்று கத்தியவள் நான்.

நரம்பு இல்லை என்றால் என்ன பொருள் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். தேயும்போது வலிக்காது. அடியில் உள்ள எலும்புக்கும் சுற்றியுள்ள சவ்வுக்கும் செய்தி போன பிறகுதான் வலிக்கும். குருதி ஓடாததால் தேய்ந்தது திரும்ப முளைப்பதும் இல்லை. அதோடு, அழற்சி தொடங்கிவிட்டால் மூட்டே சில நொதியங்களைச் சுரந்து, மிச்சமிருக்கும் குருத்தெலும்பையும் கரைக்கத் தொடங்கிவிடும் என்றார் டொக்டர்.

ஊசியால் மூட்டுத் திரவம் (மூட்டு வழுக்கி அசைவதற்கு உதவும் நீர்) கொஞ்சம் எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தொட்டுப் பிரித்துக் காட்டினார். நல்ல மூட்டு என்றால் பாகு கம்பிப் பதத்தில் இழுபடுவதுபோல நூலாக வரும். துரையுடையது தண்ணீராக விட்டுப்போனது.

"பந்தயத்துல ஓடினப்பவே ஒரு சின்ன எலும்புத் துண்டு உடைஞ்சிருக்கு. எல்லாம் உங்களால வந்ததில்லை," என்றார்.

ஆறுதலுக்குச் சொன்னார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. பந்தயம் தொடங்கிவைத்ததை நான் பனங்கட்டி கொடுத்து வளர்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்டார். "இவரு படுக்கிறாரா?"

நான் மறுபடியும் பெருமையாகத்தான் பதில் சொன்னேன். உரும்பிராய்ச் செம்மண் வெள்ளையில் பட்டால் லேசில் போகாது. ஊர்வலத்துக்கு முந்தைய நாளெல்லாம் துரையைத் தேய்த்துத் தேய்த்து எனக்குத் தோள் கழன்றுவிடும். "ரண்டு மாசமா ஒரு பொட்டு ஊத்தை இல்லை டொக்டர். பாருங்கோ, பால் மாதிரி இருக்கிறான்."

"அப்ப ரெண்டு மாசமா படுக்கல," என்றார் அவர்.

குதிரை நின்றபடி அரைத்தூக்கம் போடும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். துரை படுத்தால் எழும்ப முடியாது என்று பயந்து படுக்காமல் நிற்கிறான். "இப்படியே போனா ஒருநாள் தூக்கக் கலக்கத்துல விழுவாரு. விழுந்து எழும்ப முடியலைன்னா நாம ஒரு முடிவு எடுக்கணும். அவரா படுத்து, அவரா எழும்பணும் டீச்சர். அதுதான் நம்ம பரீட்சை. நடக்கிறதெல்லாம் அதுக்குப் பிறகு."

என்ன முடிவு என்று அண்ணையும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் இருவரும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

"நான்தான் அண்ணை உவனைக் கெடுத்தனான்," என்றேன்.

"நீ பழக்கினாய். நான் கூட்டிக்கொண்டு திரிஞ்சன். ரண்டு பேருந்தான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிடு. உனக்கும் பிரஷர் இருக்கு," என்றார்.

சிகிச்சை மெதுவானது. இதை வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு நாளும் "இன்று சுகமாகிவிட்டது" என்று சொல்லமுடியாது.

மூட்டுக்குள் இரண்டு ஊசிகள் போட்டார்கள். ஒன்று அழற்சியை அடக்கும் மருந்து. மற்றது ஹையலூரோனிக் அமிலம் (மூட்டுத் திரவத்துக்கு இழுபடும் தன்மையைக் கொடுக்கும் பொருள்). வலி குறைக்கும் மாவைத் தீனியில் கலந்து கொடுத்தோம். அது வயிற்றைப் புண்ணாக்கக் கூடியது. இரண்டாம் வாரம் துரை புல்லை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். மாவைக் குறைத்து, வயிற்றுக்கு வேறு மருந்து கொடுத்த பிறகு வாய் வைத்தான்.

குளம்பின் முன்பக்கம் நீளமாக வளர்ந்துவிட்டது என்று டொக்டரே அரத்தால் ராவிச் சரிசெய்தார். கொட்டிலில் சீமெந்துக்கு மேலே தென்னந்தும்புத்தூளை முழங்கை ஆழத்துக்குக் கொட்டினோம். படுக்க மனம் வந்தால் மெத்தை இருக்கட்டும் என்று. ஒரு மாதம் போயும் அதில் படுத்த தடம் விழவில்லை.

ஓய்வு என்றால் கட்டிவைப்பது என்று நாங்கள் நினைத்துவிட்டோம். முதல் பத்து நாளும் அசையவிடவில்லை. அவன் பலகைபோல இறுகிப்போனான். டொக்டர் தொலைபேசியில் சத்தம் போட்டார். "மூட்டு அசைஞ்சாத்தான் குருத்தெலும்புக்குச் சாப்பாடு. கட்டி வைக்காதீங்க!" பத்து நிமிட நடையில் தொடங்கினோம். தார் றோட்டில் இல்லை, உழுத மண்ணில். வாரத்தில் இரண்டு நாள், கொடிகாமம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுகிற லொறி சும்மா நிற்கும் நேரம் பார்த்து அவனைக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். எங்கள் களப்புக் கடல் நல்ல மனசுக்காரி. எவ்வளவு தூரம் போனாலும் எங்கள் இடுப்புக்கு மேல் வராது. தண்ணீர் பாரத்தைத் தாங்க, துரை அதற்குள் நடந்தான். அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம், நான் சட்டை நனைய மறுபக்கம்.

எல்லாவற்றிலும் கடினமானது சாப்பாடு. டொக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். தேய்ந்த மூட்டில் ஒவ்வொரு கிலோவும் ஏறி நிற்கும் என்றார். ஆனால் எங்கள் ஊரில் விலா தெரியும் மிருகம் என்றால் வீட்டுக்காரருக்குக் கை நீளாது என்றுதான் பொருள். ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம், பொங்கிய புக்கை, மோதகம் என்று வந்தபடி இருக்கும். கேற்றில் "துரைக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம்" என்று எழுதித் தொங்கவிட்டேன். கனகம்மாக்கா அதை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"பாவம், காய்ஞ்சு போனான். டீச்சர் பட்டினி போடுறா எண்டு சனம் கதைக்குது."

"கதைக்கட்டும் அக்கா. வாய் வலிக்கும் வரைக்கும் கதைக்கட்டும்."

கார்த்திகையில் மழை பிடித்தது. ஈரத்துக்கு மூட்டுகள் எல்லாம் முறுகின. அவனுடையதும் என்னுடையதும். அப்போதுதான் பெரிய சறுக்கல் வந்தது.

பின் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பெரியபிள்ளையான பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. ஒலிபெருக்கியில் மேளம் போட்டார்கள். நான் சமையலறையில் நின்றேன். கெட்டிமேளம் கேட்டதும் கையில் இருந்த அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். கொட்டிலுக்குள் துரை தனியாக மண்டியிட்டிருந்தான். பார்க்க ஒருவரும் இல்லை. பனங்கட்டியும் இல்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ சரி என்று சொல்லும்வரை காத்திருந்தான்.

நான் அந்தத் தும்புத்தூளில் குந்தியிருந்து குழறி அழுதேன். இந்த ஐம்பத்தாறு வயதுக்குள் அதற்கு முதல் நான் அப்படி அழுதது அப்பா செத்த அன்றுதான்.

அண்ணையும் ஓடிவர, இருவருமாகத் தோள் கொடுத்து அவனை எழுப்பினோம். முழங்கால் திரும்பவும் வீங்கியது. ஒரு மாத வேலை போனது. டொக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். "டீச்சர், அவர் நல்லாப் படிச்ச பிள்ளை. நீங்க நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இப்ப நிக்கச் சொல்லிக் குடுங்க."

இவ்வளவு காலத்தில் எனக்கு யாரும் அதைவிடப் பெரிய வீட்டுவேலை கொடுத்ததில்லை.

தொலைபேசியில் தவிலை மிகச் சன்னமாக வைத்தேன். நான்கு காலும் நிலத்தில் இருந்தால் ஒரு துண்டுக் கரட், அதுவும் அவன் நெஞ்சு உயரத்தில், குனியத் தேவையில்லாமல். வலது கால் எழும்பினால் கரட் இல்லை. அடிக்கவில்லை, அதட்டவில்லை. "நில்" என்று மட்டும் சொன்னேன். முதல் வாரம் அவனுக்குக் குழப்பம். காலைத் தூக்குவான், என்னைப் பார்ப்பான், வைப்பான், மறுபடி தூக்குவான். சரியாகச் செய்கிறேனே, ஏன் தருகிறாய் இல்லை என்று கேட்கிற முகம். ஆனால் விடவில்லை. பழக்க மூன்று மாதம் எடுத்தது என்றேனே, மறக்கவைக்க அதைவிடக் கூட எடுத்தது. மாசியில்தான் முழுச் சத்தத்தில் கெட்டிமேளம் போட்டும் நின்றான். அண்ணை கைதட்டப் போக, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கைதட்டலுக்கும் அவன் மண்டியிடுவான்.

என் உடம்பையும் அந்த மாதங்களில்தான் கவனித்தேன். எங்கள் தேவாலயத்தில் திருவிருந்தைப் பீடத்தின் முன் முழந்தாளிட்டு வாங்குவோம். இயலாதவர்கள் நின்று வாங்கலாம் என்று போதகர் ஒவ்வொரு முறையும் சொல்வார். அது மற்றவர்களுக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பல்லைக் கடித்து எழும்புகிறவள் நான். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றுகொண்டு வாங்கினேன். வெட்கமாகத்தான் இருந்தது. துரைக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

பங்குனி வந்தது. கொடியேறிய அன்றே கனகம்மாக்கா வந்துவிட்டார்.

"டீச்சர், இந்த முறை அம்மன் வரேக்கை துரை கும்பிடுவான்தானே?"

"நிப்பான் அக்கா."

"சும்மாவோ?"

"ஓம், சும்மா."

"அம்மன் குறை நினைக்கமாட்டாவோ பிள்ளை?"

எனக்குச் சுருக்கென்றது. "கால் தேய்ஞ்ச பிள்ளையை விழுந்து கும்பிடு எண்டு சொல்லுற தாயோ அக்கா அவ?"

என் சமயத்துக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். கேட்டுவிட்டேன்.

"பேசாமல் அண்டைக்குப் பின்பக்கம் கட்டிவிடுவம்," என்றார் அண்ணை. "மேளம் பக்கத்திலை வந்தால் என்ன செய்வானோ தெரியாது. சனமும் கேக்கும்."

"ஒளிச்சு வைக்கிறதுக்கு அவன் என்ன களவெடுத்தவனோ? வாசல்லைதான் நிப்பான்."

பிழை விட்டவள் நான். அதற்கு அவனைக் கொல்லைக்குள் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தேருக்கு முதல்நாள் ஊர்வலம் எங்கள் வாசலுக்கு வந்தது. துரை கேற்றடியில் நின்றான். பட்டுத்துணி இல்லை, சலங்கை இல்லை, குளிப்பாட்டிய உடம்பு மட்டும். நான் இடது பக்கம் நின்றேன், அண்ணை கயிற்றைப் பிடித்தபடி வலது பக்கம் நின்றார். ஊர் முழுவதும் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றது. ஊர்வலம் நின்றது. தவில்காரர் துரையைக் கண்டு, வழக்கத்தைவிட உற்சாகமாக முழக்கத் தொடங்கினார். அவருக்கு எங்கள் கதை தெரியாது.

கெட்டிமேளம் நெஞ்சில் இடித்தது. தொலைபேசிச் சத்தமும் பத்தடியில் நிற்கிற தவிலும் ஒன்றல்ல. துரையின் தோளில் ஒரு நடுக்கம் ஓடியது. வலது கால் எழும்பியது. ஒரு சாண் உயரத்தில் நின்றது. சனத்தில் இருந்து "ஆ" என்று ஒரு மூச்சு வந்தது.

"நில்," என்றேன். மேளத்தில் எனக்கே கேட்கவில்லை.

காது என் பக்கம் திரும்பியது. காலை நிலத்தில் வைத்தான். பாரம் முழுவதையும் அதில் கொடுத்து, நான்கு காலிலும் நிமிர்ந்து நின்றான். தலை உயர்ந்திருந்தது. முன்பு பந்தயத் திடலில் அப்படித்தான் நின்றிருப்பான் போலிருந்தது. மேளம் முழங்கி ஓயும்வரை அசையவில்லை.

ஐயர் வழக்கம்போலத் தீபத்தைக் காட்டிவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். ஊர்வலம் நகர்ந்தது.

"டீச்சர், உங்கடை குதிரைக்குத் தலைக்கனம் வந்திட்டுது!" என்று கூட்டத்துக்குள் இருந்து யாரோ கத்தினார்கள்.

"ஓம், வந்திட்டுது!" என்று நானும் கத்தினேன். அண்ணை சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டார்.

ஆனால் எங்கள் பரீட்சை அது இல்லை. டொக்டர் சொன்ன பரீட்சை அப்படியே இருந்தது. தும்புத்தூளில் படுத்த தடம் இல்லை. ஒவ்வொரு காலையிலும் நான் முதலில் அவன் விலாவைத்தான் பார்ப்பேன். அது வெள்ளையாகவே இருந்தது. வெள்ளை என்ற நிறத்தை அவ்வளவு வெறுப்பேன் என்று நான் நினைத்ததில்லை.

இந்த நோயில் நேரம் வேறு மாதிரி ஓடுகிறது. முன்பெல்லாம் அடுத்த கலியாணம், அடுத்த திருவிழா, அடுத்த பரீட்சை என்று எனக்கு நாட்கள் போகும். இப்போது ஒரு நாள் என்பது காலையில் அவன் வைக்கிற முதல் அடிகள். சில நாள் பத்து அடியில் சரியாகிவிடும், சில நாள் நாற்பது. நானும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்து, அது சம்மதித்த பிறகுதான் எழும்புகிறேன். இருவரும் ஒருவருக்காக ஒருவர் பொறுத்து நடக்கிறோம். தேய்ந்தது திரும்பி வராது. மிச்சம் இருப்பதை வைத்து நடக்கலாம்.

சித்திரை பிறந்து சில நாள் போயிருக்கும். காலையில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். வளவுக்குள் இருந்து அண்ணை கூப்பிட்டார். கொட்டில் பக்கம் வெறுமையாக இருந்தது. கதவுக் கொழுக்கி கழன்று துரை எப்போதோ வெளியே போயிருந்தான். எனக்கு உயிர் போய்விட்டது. வாழைத்தோட்டத்துப் பக்கம் ஓடினேன்.

புதிதாகக் கொத்திய பாத்தியில் துரை நின்று, ஓரத்துப் புல்லை ஆறுதலாகக் கடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து மண்ணில் ஒரு குதிரை படுத்துப் புரண்டு எழும்பிய பள்ளம் இருந்தது. நாங்கள் கொட்டிய மெத்தை துரைக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு ஊர் மண்தான் வேண்டும். வலது விலா, தொடை, கழுத்து, காது வரைக்கும் உரும்பிராய்ச் செம்மண் அப்பியிருந்தது. ஒருவரும் தோள் கொடுக்கவில்லை. அவனாகப் படுத்து, அவனாக எழும்பியிருக்கிறான்.

அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டே வாளியும் தும்புத் தூரிகையும் எடுக்கப் போனார்.

"தேய்க்காதேங்கோ அண்ணை," என்றேன். "உப்பிடியே வாசல்லை கட்டுவம். எல்லாரும் பார்க்கட்டும்."